ஒரு கோட்டுக்கு இரண்டு இடது கை

இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை வேண்டுமென்றால் அப்பா அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்துவிடுகிறது. படுத்துக்கொண்டே படிக்கலாம். படிக்காதது மாதிரியும் இருந்துவிடலாம். சுண்டு படித்த காலத்தில் அப்படியில்லை. அப்போது ஒரு டப்பா இருந்தது.

நீல நிறத் தகர டப்பா. எந்தக் காலத்திலோ அதில் பிஸ்கட் வந்திருக்க வேண்டும். மூடியில் குதிரை வண்டிப் படம் போட்டிருந்தது. பல கைகள் பட்டுப் பட்டுக் குதிரை அழிந்துபோய், வண்டி மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மூடியின் நடுவில் காசு போட நீளமாக ஒரு ஓட்டை.

வருடா வருடம், பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனதும் இரண்டு வாரத்துக்கு, காலையில் பெரிய டீச்சர் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் ஒவ்வொருவரிடமும் சிரித்த முகமாக ஒரே மாதிரி சொல்வார்.

“விருப்பம் இருந்தா, முடிஞ்சதப் போடுங்க. இல்லேன்னா பரவாயில்ல. பிள்ளைய மட்டும் நேரத்துக்கு அனுப்பிடுங்க.”

பெரிய டீச்சர்தான் சுண்டுவின் அம்மா. சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருக்கிறாள் என்று யாரோ சொல்லப்போய், ஐந்தாம் வகுப்புக்கு வந்தபிறகும் அவள் சுண்டுவாகவே இருந்தாள். அம்மா டப்பாவைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்தில் நின்று “நன்றி, நன்றி” என்று சொல்வது சுண்டுவின் வேலை.

அந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். அதோடு அவள் ஒரு விளையாட்டும் கண்டுபிடித்திருந்தாள். காசு விழும் சத்தத்தை வைத்தே அது என்ன காசு என்று சொல்லிவிடுவாள். பெரிய காசு ‘டொம்’ என்று விழும். சின்னக் காசு ‘டிக்’ என்று விழுந்து, ஓரமாக ஓடி, வெட்கப்பட்டதுபோல நிற்கும். தாளாக இருந்தால் சத்தமே வராது. ஆனால் தாள் போடுகிறவர்கள் அதை நிதானமாக மடித்துப் போடுவார்கள். அதனால் அதுவும் தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டைப் போன வருடம் தன் உயிர்த்தோழிக்கும் அவள் சொல்லிக்கொடுத்தாள். அந்தத் தோழியின் பெயர் பம்பரம். ஒரு இடத்தில் அசையாமல் நிற்க மாட்டாள் என்பதால் வந்த பெயர்.

இருவரும் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த வருடம் நன்கொடை கேட்டது மேடைத் திரைக்காக. பழைய சிவப்புத் திரை போன வருட நாடகத்தில் மானத்தை வாங்கிவிட்டது. கடைசிக் காட்சியில் ராஜா செத்து விழுந்தார். திரை மூடவேண்டும். மூடவில்லை. எங்கேயோ மாட்டிக்கொண்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த செத்த ராஜா, எழுந்து போய்த் திரையை இழுத்து மூடிவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார்.

இந்த வருட நாடகத்தில் ஒரு குதிரை வருகிறது. முன்னங்கால் சுண்டு, பின்னங்கால் பம்பரம். சாம்பல் நிறத் துணிக்குள் இரண்டு பேரும் ஒன்றாக நடக்க வேண்டும். பாட்டு சார் பல ஜோடிகளை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு இவர்களைத்தான் தேர்ந்தெடுத்தார். “ரெண்டு பேரும் ஒரே மூளைய வச்சுக்கிட்டு நடக்கறீங்க. குதிரைக்கு அதுதான் வேணும்” என்றார். அதைப் பாராட்டாகவே இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டப்பா வாசலுக்கு வந்த அன்றிலிருந்துதான் பம்பரம் தாமதமாக வர ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை, மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு வந்தாள். “செருப்பு அறுந்துபோச்சு சார்” என்றாள். செருப்பு முழுசாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, “கடிகாரம் நின்னுபோச்சு சார்.”

புதன்கிழமை, தலையில் ஒரு காய்ந்த புல்லோடு வந்தாள். பின்பக்க வேலியில் ஒரு சந்து உண்டு. நாய்கள் போகும் வழி. அதில் நுழைந்து வந்திருக்கிறாள்.

“இன்னிக்கு என்ன நின்னுபோச்சு?” என்று பாட்டு சார் கேட்டார்.

பம்பரம் யோசித்தாள். “நான்தான் சார் நின்னுட்டேன்.”

வகுப்பு சிரித்தது. பாட்டு சார் சிரிக்கவில்லை. ஒத்திகை காலை முதல் மணியில்தான் நடக்கும். “பின்னங்கால் நேரத்துக்கு வரலேன்னா முன்னங்கால் மட்டும் மேடையில என்னம்மா பண்ணும்? அதுக்குப் பேரு குதிரை இல்ல” என்றார்.

இடைவேளையில் சுண்டு தோழியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டி லேட்டு? உண்மையச் சொல்லு.”

“சும்மாதான்.”

“சும்மா யாராவது நாய் சந்துல வருவாங்களா?”

பம்பரம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைச் சுண்டு அதுவரை பார்த்ததில்லை. “உனக்கென்ன? நீ உங்கம்மா பக்கத்துல நின்னு ‘நன்றி, நன்றி’ சொல்லிட்டு இரு போ” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

அன்றைக்கு ரொட்டியைத் தனியாகத் தின்றாள் சுண்டு.

மறுநாள் காலை, “அம்மா, வயிறு ஒரு மாதிரி இருக்கு. நீ போ, நான் மெதுவா வரேன்” என்று சொல்லிவிட்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ரொட்டிக்கடை முனை வந்ததும் நின்றாள்.

கடையின் பக்கவாட்டில், மாவு மூட்டை இறக்கும் வண்டிக்குப் பின்னால் பம்பரமும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். பம்பரத்தின் அம்மா சலவைக்கடையில் துணி தேய்க்கிறவர். அவர்கள் மட்டுமில்லை. இரட்டைப் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி பஸ் ஓட்டும் அப்பா ஒருவரும் நின்றிருந்தார். கைக்குழந்தையோடு இன்னொரு அம்மாவும். மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை.

சுண்டு ரொட்டிக்கடைக் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள்.

“டீச்சர் உள்ள போயாச்சா பாருங்க” என்றார் பம்பரத்தின் அம்மா.

பஸ் ஓட்டுகிறவர் எட்டிப்பார்த்தார். “இல்லைங்க. இன்னும் நின்னுட்டுதான் இருக்காங்க.”

“அம்மா, மணி அடிச்சிரும்மா. நான் லேட்டாப் போனா குதிரையிலேர்ந்து எடுத்துருவாங்க” என்றாள் பம்பரம். அழும் குரல்.

“கொஞ்சம் பொறு கண்ணு. அடுத்த மாசம்னா பரவாயில்ல. இப்ப கையில ஒண்ணும் இல்லாம எப்படி அவங்களத் தாண்டிப் போறது?”

“போட வேணாம்னு அவங்களே சொல்றாங்கல்ல?”

“சொல்றாங்க. ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டாங்க. அப்படிச் சிரிக்கறாங்க பாரு, அதான் தாங்க முடியல” என்றார் பம்பரத்தின் அம்மா.

“எனக்கும் அதேதாங்க. திட்டினா கூடத் திரும்பிப் பாக்காமப் போயிருவேன்” என்றார் பஸ் ஓட்டுகிறவர்.

பம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “சின்னக் காசு போட்டா சுண்டுவுக்குத் தெரிஞ்சிரும். அவ சத்தத்தக் கேட்டே கண்டுபிடிச்சிருவா.”

கதவுக்குப் பின்னால் சுண்டுவுக்குக் காது சுட்டது.

மணி அடித்தது. அம்மா டப்பாவோடு உள்ளே போனாள். மழை விட்டதுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள்.

அன்று முழுவதும் சுண்டு யோசித்தாள். அம்மாவிடம் சொல்லலாம். சொன்னால் அம்மா “யாரு, யாரு?” என்று கேட்பாள். பெயரைச் சொன்னால், மறுநாளே பம்பரத்தின் அம்மாவைத் தேடிப்போய், கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க எதுவுமே போட வேணாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வருவாள். அதைவிடக் கொடுமை வேறில்லை.

சத்தம்தானே தொல்லை? சத்தத்தை நிறுத்திவிட்டால்?

அன்று சாயங்காலம், தான் குழந்தையாக இருந்தபோது போட்ட கம்பளிச் சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த டப்பாவுக்குள் அடியில் பரப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் வந்தது மருந்துக்கடைக்காரர். பெரிய காசாக ஒன்றைப் போட்டார். சத்தம் வரவில்லை. ஓட்டை வழியாகப் பார்த்தார். டப்பாவின் அடியைத் தடவிப் பார்த்தார். “டீச்சர், காசு எங்க போச்சு?” என்றார்.

“உள்ளதான் இருக்கும்.”

“விழவே இல்லையே.” அவர் குனிந்து தரையில் தேடினார். பின்னால் வந்தவர்களும் என்ன தொலைந்தது என்று தெரியாமலே சேர்ந்து தேடினார்கள். ஒருவருக்கு என்றைக்கோ தொலைந்த பேனா மூடி கிடைத்தது. அம்மா டப்பாவைக் குலுக்கினாள். அது ஊமையாக இருந்தது. மூடியைத் திறந்தாள். ரோஜா நிறக் கம்பளிச் சட்டை எட்டிப்பார்த்தது.

“சுண்டு” என்றாள் அம்மா.

“குளிருமேன்னு வச்சேன்” என்றாள் சுண்டு. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அன்றைக்கும் பம்பரம் தாமதம். பாட்டு சார் பொறுமை இழந்துவிட்டார். “திங்கக்கிழமையும் லேட்டுன்னா அவசரம்தான் பின்னங்கால்” என்று முடிவாகச் சொன்னார்.

அவசரம் என்பது பின்வரிசைப் பையன். நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். முன்னால் நடப்பவரின் குதிகாலை மிதிக்காமல் அவன் எங்கேயும் போனதில்லை. ஆனால் சுண்டுவின் கவலை குதிகால் இல்லை. பம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் அசையவே இல்லை. பம்பரம் அசையாமல் இருப்பதைப் பார்க்கச் சுண்டுவால் முடியவில்லை.

சுண்டுவின் அப்பா தையற்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. பாண்டு வாசிப்பவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள், வக்கீல்கள் எல்லோருக்கும் கோட்டு தைப்பார். அறை முழுக்கச் சூடான துணியின் வாசனை இருக்கும். வெட்டுமேசைக்குக் கீழே துண்டுத் துணிகள் குவிந்திருக்கும். சின்ன வயதில் சுண்டு அதற்குள் படுத்துத் தூங்குவாள். ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டே பேச அப்பாவுக்குத் தெரியும். வெகுகாலம் கழித்து, எங்கேயோ ஒரு ஊரில், எதற்கோ ஒரு தையற்கடையைத் தாண்டிப் போனபோது அந்த வாசனை வந்தது. சுண்டு நடப்பதை விட்டுவிட்டு நின்றுவிட்டாள்.

அப்பாவின் கடைச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு கோட்டின் கை மட்டும் தொங்கும். கருநீல நிறம், முனையில் பொத்தான்கள். உடம்பும் கிடையாது, ஜோடியும் கிடையாது.

சனிக்கிழமை மதியம் கோட்டு வாங்க வந்த பாண்டுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தார். “இன்னும் மாட்டி வச்சிருக்கீங்களா மாஸ்டர்? என் கோட்டுக்கு ரெண்டு இடது கை வெட்டுன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“துணியத் திருப்பிப் போட மறந்துட்டேங்க. காகித அச்ச அப்படியே வச்சு ரெண்டு தடவை வெட்டிட்டேன்” என்றார் அப்பா, ஊசிகளுக்கு நடுவே.

“தூக்கமா?”

“இல்லைங்க. நல்லா முழிச்சுட்டுதான் இருந்தேன். ரொம்ப முழிச்சுட்டேன், அதான் வினை.”

பாண்டுக்காரர் போனபிறகு சுண்டு கேட்டாள். “அப்பா, அன்னிக்கு என்னதான் ஆச்சு?”

அப்பா வாயிலிருந்த ஊசிகளை எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்திவைத்தார். உள்ளே அம்மா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். அப்பா குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்குப் புதுசா வேலைக்கு வந்த ஒரு டீச்சரு, பையோட வாரு அறுந்துபோச்சுன்னு கடைக்கு வந்தாங்க. முன்னால உக்காந்துட்டு, இந்தத் தெரு எங்க போகுது, அந்தத் தெரு எங்க போகுதுன்னு கேட்டாங்க. நான் பதிலும் சொன்னேன், துணியும் வெட்டினேன். எதாவது ஒண்ணுதான் ஒழுங்கா வரும்.”

“அந்த டீச்சர் எந்தத் தெருவுக்குப் போனாங்க?”

“எங்கயும் போகல. இங்கயே இருந்துட்டாங்க.”

சுண்டு சிரித்துக்கொண்டே அந்தக் கையை ஆணியிலிருந்து எடுத்தாள். தன் கையை அதற்குள் விட்டாள். விரல் காணாமல் போனது. மணிக்கட்டு, முழங்கை, எல்லாம் போனது. உள்ளே கையை மூடினாள், திறந்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அவள் சிரிப்பு நின்றது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள்.

“அப்பா, எனக்கு ஒரு பொட்டி வேணும்” என்றாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் பேசினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்தே ஆரம்பித்தாள்.

“நீ வாசல்ல நிக்கறதாலதான் சில பேரு உள்ள வராம முனையில நிக்கறாங்கம்மா.”

அம்மாவின் கை பாதி வழியில் நின்றது. “யாரு?”

“சொல்ல மாட்டேன்.”

“நான் யாரையும் ஒண்ணும் சொல்றதில்லையே.”

“அதாம்மா. பேரச் சொன்னா நீ அவங்களப் பாத்து இன்னும் நல்லாச் சிரிப்ப.”

அப்பா தண்ணீர்க் குவளையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவர் குடிக்கவில்லை.

அம்மா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். “நான் படிக்கறப்ப, பணம் கொண்டு வராதவங்க எல்லாம் எழுந்து நில்லுன்னு சொல்லுவாங்க. நானும் நின்னிருக்கேன். என் பிள்ளைங்க யாரும் எழுந்து நிக்கக் கூடாதுன்னுதான் நானே போயி வாசல்ல நின்னேன். ஒரு பட்டியல் கிடையாது, பேரு கிடையாது. அதுவும் போதலையா?”

“காசு சத்தம் போடுதும்மா” என்றாள் சுண்டு மெதுவாக.

“அதான் கம்பளிச் சட்டையா?”

“ம்.”

அம்மா அவள் தலையைத் தடவினாள். “குளிருமேன்னு வச்சேன்னு சொன்னியே, கழுத. நான் ஒரு நாள் முழுக்க அதையே நினைச்சுட்டிருந்தேன்.”

சுண்டு தன் யோசனையைச் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே வந்தவள், எந்தக் கை என்று தெரிந்ததும் அப்பாவைப் பார்த்தாள்.

“அதக் குடுத்துருவீங்களா?”

“எல்லார் வீட்டுலயும் ஏதோ ஒண்ணு குடுக்கறாங்க. நம்ம வீட்டுலேர்ந்து அது போகட்டும்” என்றார் அப்பா. “அதுக்குக் காரணமான ஆளுதான் கையோட இருக்கே.”

அம்மா சட்டென்று எழுந்து, தேவையே இல்லாமல் அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நூல்கண்டு வைக்கும் மரப்பெட்டியைக் காலிசெய்தார். மூடியில் வட்டமாக ஒரு துளை போட்டு, அதைச் சுற்றிக் கோட்டுக்கையின் தோள்பக்கத்தை ஆணியடித்தார். கை விறைப்பாக நிற்க உள்ளே கெட்டித்துணி வைத்துத் தைத்தார். அடியில் துண்டுத் துணிகளைப் பரப்பினார். நீல டப்பா பொத்தான் போட்டுவைக்கக் கடையிலேயே தங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை பெட்டி பள்ளிக்குள், மணி தொங்கும் தூணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு கை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு உதவி கேட்பதுபோல இருந்தது.

“நீ உன் அறைக்குப் போயிரும்மா” என்றாள் சுண்டு.

“இங்க டீச்சர்னு கூப்பிடு.”

“போயிருங்க டீச்சர். ஜன்னலையும் சாத்திக்கங்க.”

முதலில் வந்த மருந்துக்கடைக்காரர் பெட்டியைச் சுற்றி வந்தார். “இது யாரு கை?” என்றார்.

“யாரு வேணா கைய விடலாம். டீச்சருங்க, பிள்ளைங்க, எல்லாரும். மூடின கை உள்ள போகணும். விரிச்ச கை வெளிய வரணும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கக் கூடாது” என்றாள் சுண்டு.

அவர் வலது கையை விட்டார். அது இடது கை என்பதால் முழங்கை வளைவு எதிர்ப்பக்கம் திருகிக்கொண்டது. கூடவே அவரும் திருகிக்கொண்டார். ஒரு கால் தானாக மேலே தூக்கியது. “ஐயையோ, உள்ள யாரோ இழுக்கறாங்க” என்றார். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடனே அவர்களும் வரிசையில் நின்றார்கள். பாட்டு சார் வந்தார். ராகம் இழுப்பதுபோல வாயைத் திறந்துகொண்டே தோள்வரை விட்டார். அவசரம் கையை விட்ட வேகத்தில் பெட்டியோடு சாய்ந்தான்.

சிரிப்பு ரொட்டிக்கடை முனைவரைக்கும் கேட்டது. முதலில் இரட்டைப் பிள்ளைகள் அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தார்கள். அவர்களைப் பிடிக்க அவர் ஓடிவந்தார். வாசலில் யாரும் இல்லை, டப்பாவும் இல்லை. தூணுக்குப் பக்கத்தில் எல்லோரும் கோணிக்கொண்டு நின்றார்கள். அவரும் போய்க் கோணிக்கொண்டார்.

பிறகு பம்பரம் வந்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

சுண்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். காதைக்கூடப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தாள். அது அதிகமாகத் தெரியும் என்று விட்டுவிட்டாள். ஆனாலும் ஓரக்கண் என்று ஒன்று இருக்கிறதே, அது யார் சொன்னாலும் கேட்காது.

பம்பரத்தின் அம்மா மூடிய கையை உள்ளே விட்டார். அவர் கையும் திருகியது, தோளும் சாய்ந்தது. கொஞ்சநேரம் அப்படியே நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்து விரித்தார். வெறும் உள்ளங்கை. அதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோளை நிமிர்த்தி, பெரிய டீச்சரின் சாத்திய ஜன்னல் பக்கம் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மணி அடித்தது. அடிக்கும்போது பம்பரம் மணிக்கு நேர் கீழே நின்றிருந்தாள்.

“லேட்டா நான்?” என்றாள்.

“இல்ல” என்றாள் சுண்டு. “சீக்கிரம்.”

இரண்டு பேரும் ஒரே மூளையோடு வகுப்புக்கு ஓடினார்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் பெட்டியை வெட்டுமேசையில் வைத்துத் திறந்தார்கள். நிறையப் பணம் இருந்தது. கூடவே ஐந்தாறு பொத்தான், தின்று பாதி மிச்சம் வைத்த மிட்டாய், ஒரு பேனா மூடி, ஒரு பால்பல்.

“இது யாரு பல்லு?” என்றாள் அம்மா.

“கேக்கக் கூடாது” என்றார் அப்பா.

எல்லாம் சேர்த்தும் திரையின் ஒரு பாதிக்குத்தான் ஆனது. அதனால் என்ன? வலப்பக்கம் புதுச் சிவப்பு, இடப்பக்கம் பழைய சிவப்பு என்று அப்பா தைத்துக்கொடுத்தார். பல வருடம் அந்தப் பள்ளியில் நாடகங்கள் பாதி புதுசாகவும் பாதி பழசாகவும்தான் திறந்தன, மூடின. கோட்டுக்கையும் வருடா வருடம் வெளியே வந்தது. முழங்கை நைந்து நூல் நூலாகும்வரை வந்தது. இரண்டு வாரம் என்பது போய், பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக ஒரு மாதம்கூட வைத்தார்கள். சிரிக்கத் தோன்றினால் போய்க் கையை விட்டுவிட்டு வரலாமே.

நாடகத்தன்று சாயங்காலம், திரைக்குப் பின்னால் குதிரை தயாராக நின்றது. சாம்பல் துணிக்குள் ஒரே இருட்டு, ஒரே புழுக்கம். சுண்டுவின் இடுப்பைப் பம்பரம் இறுக்கிப் பிடித்திருந்தாள். வெளியே பாட்டு சார் ஆர்மோனியத்தை ஆரம்பித்துவிட்டார்.

“சுண்டு” என்று குதிரையின் பின்பக்கம் கிசுகிசுத்தது.

“என்னடி?”

“எங்கம்மா அன்னிக்கு உள்ள என்ன போட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லவா?”

சுண்டுவுக்குத் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். திரை எங்கேயும் மாட்டாமல், வழுக்கிக்கொண்டு திறக்கும் சத்தம் கேட்டது.

“வேணாம்” என்றாள். “இடது காலை எடு.”

குதிரை மேடையில் நடந்தது.